நாற்பத்தோராவது துப்பி

மரணத்தை ஒழித்தது அமெரிக்காவும் இல்லை, ஜப்பானும் இல்லை; திண்டுக்கல் மாவட்டம். இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. கொடைக்கானலிலிருந்து இன்னும் மேலே, பூம்பாறையைத் தாண்டி, பேருந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் போகிற வெள்ளிப்பாறை என்ற இடத்தில் 'நித்தியம் தோட்டம்' இருந்தது. அதன் வாசலில் மூன்றடி உயர எழுத்தில் 'இங்கே எவரும் இறந்தவர் அல்லர்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்.'

தோட்டத்தில், மலைச்சரிவை வெட்டிய ஐந்து படிகளில், இருநூற்றுச் சொச்சம் ஆப்பிள் மரங்கள். ஒவ்வொரு மரத்துக்குள்ளும் ஓர் ஆள். சாம்பல் இல்லை, எலும்பு இல்லை, குரல். சாவதற்கு முன் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவர்கள் பேசிய ஒரு மணி நேரப் பேச்சு, மரத்தின் மரபணுவில் எழுதப்பட்டிருந்தது. அதனால் எல்லோரும் வந்து மரத்தோடு பேசினார்கள். மகன்கள் பேசினார்கள், மனைவிகள் பேசினார்கள், ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து எல்லைச் சுவர் விவகாரத்தைப் பேசி முடித்துவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்திலேயே மரத்தோடு பேசாத அறிவுள்ள மனிதன் ஒருவன்தான் இருந்தான். மனித அறிவின் கௌரவத்தை வெள்ளிப்பாறையில் தனியாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அது நான். பெயர் இன்னாசி.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது போன கார்த்திகையில். அதற்கு முன் பத்தொன்பது வருடம் என் அப்பா அருளப்பன் அங்கே மேஸ்திரி. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில், கையில் கவாத்துக் கத்தரியோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேலையையும் மேஸ்திரி வீட்டையும் எனக்குக் கொடுத்தார்கள். கல்லூரியில் நான் படித்தது தாவரவியல், கற்றது மிமிக்ரி. தோட்டத்துக்கு இரண்டில் எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது டாக்டர் மதுரவல்லி. தோட்டத்தின் விஞ்ஞானி. ஐம்பது வயது, கோவைக்காரர், எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். எண்ணாக மாற்றிய குரலை மரபணுவின் நான்கு எழுத்துகளில் எழுதி, நோய் தராத ஒரு கிருமியின் முதுகில் ஏற்றி, மரத்துக்கு ஊசி போடுவோம் என்பார். அது மொட்டு மொட்டாகப் பரவி மரம் முழுவதும் ஆளாகிவிடும். ஏன் ஆப்பிள், கொய்யா ஆகாதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

"ஆப்பிள் விதையப் போட்டா அதே ஆப்பிள் வராதுங்க. வேற ஏதோ வரும். அதே ஆப்பிள்தான் வேணும்னா குச்சிய வெட்டி ஒட்டுத்தான் கட்டோணும். அப்ப அது பிள்ளை இல்லீங்க, அதே மரம். இங்க நிக்கிறது இருநூறு மரம் இல்ல. முன்னூறு வருஷமா சாகாம இருக்கற ஒரே மரம். ஒடம்ப மட்டும் மாத்திக்கிட்டே வருது."

கேட்டவர்கள் மரத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்குவார்கள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆப்பிளிலும் இந்த ஆப்பிள் தனி. தன் ஊர்ப் பானத்துக்கு ஏங்கிப்போன ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஒட்டுக்குச்சிகளை உருளைக்கிழங்கில் குத்தி வைத்துக் கப்பலில் கொண்டுவந்தாராம். கொய்யா அளவுக் காய், துரு நிறத் தோல். மணத்தை முகர்ந்தால் உடனே கடிக்கத் தோன்றும். கடித்தால் நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கசப்பு பாதி, துவர்ப்பு பாதி. அது தின்னுகிற பழமே இல்லை. நசுக்கி, சாறெடுத்து, பீப்பாயில் ஆறு மாதம் நொதிக்க விட்டால் சைடர் என்ற பொன்னிற மது வரும். அதற்காகவே பிறந்த பழம். பாதிரியார் அதற்கு வைத்திருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கடித்தவர்கள் அத்தனை பேரும் செய்த ஒரே காரியத்தை வைத்து வேலையாட்கள் அதற்குத் துப்பி என்று பெயர் வைத்தார்கள். அவருடைய ஊரில் ஏதோ பட்டை நோய் வந்து அந்த இனமே அழிந்தது. இப்போது உலகத்தில் துப்பி இருப்பது இங்கே மட்டும்.

குரங்கு ஒரு முறை கடித்தால் மறுமுறை அந்தப் பக்கம் வராது. காட்டெருமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாரும் தின்னாத, யாரும் திருடாத பழம். செத்தவர்களைப் பத்திரப்படுத்த இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது என்று, தோட்டத்தை வாங்கிய நிறுவனம் முடிவு செய்தது.

பழம் காய்க்கத்தானே செய்யும், அதனால் சைடரும் போட்டார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு புட்டி, செத்தவரின் படம் ஒட்டி. ஆனால் இருநூறு மரத்துப் பழத்தையும் ஒரே பொறியில் கொட்டித்தான் பிழிவோம். ஓய்வுபெற்ற நீதிபதியின் படம் போட்ட புட்டியில் அவர் உள்ளே தள்ளிய ஆளும் இருக்கலாம். முதல் டம்ளரை வேரில் ஊற்ற வேண்டும்; வீட்டில் மூத்தவர் ஒரு பழத்தைக் கடித்துத் துப்பாமல் விழுங்க வேண்டும். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. துப்பினால் ஆளையே துப்பினது போல ஆகிவிடும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டது. விழுங்குகிறவர்களின் முகங்களுக்கு நான் எண் கொடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் எண் முகம் என்றால் ஒரு கண் மட்டும் மூடும். ஏழாம் எண் முகத்தில் பல்செட் கழன்று வரும்.

வத்தலக்குண்டு ரஞ்சிதம் அக்காவுக்கு எண் கிடையாது. தையல் கடை வைத்திருந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சௌந்தரபாண்டி ஆம்னி பேருந்து டிரைவர்; நுரையீரலில் நோய் வந்து, போவதற்குப் பத்து நாள் முன்பு வந்து பேசிவிட்டுப் போனவர். மாதத்தின் முதல் ஞாயிறு அக்கா வருவார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தைத் திட்டுவார். தொட்டி ஒழுகுகிறது, தம்பி மகன் கல்யாணத்தில் மரியாதை இல்லை, பட்டன் ஓட்டை போடும் பெண் சொல்லாமல் நின்றுவிட்டாள். திட்டி முடித்ததும், மரத்தில் காய் இருந்தால், ஒரு துப்பியைப் பறித்துக் கடித்து, பெட்டிக்கடை முறுக்கு தின்பது போல முழுசாகத் தின்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. என் மிமிக்ரிக்கு அவர் ஒரு தோல்வி.

என் வெற்றி அப்பா.

மூன்றாம் படி எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, சாறு பிழியும் ஆலைக் கொட்டகை வரை நடந்து, ஒவ்வொரு மரத்தையும் விசாரிப்பார். பல வருடம் நான் போர்வைக்குள் கிடந்து, கண்ணைத் திறக்காமல் அதைக் கேட்டிருக்கிறேன். எந்த மரத்துக்கு எது என்று பார்த்ததில்லை. காதில் விழுந்தது மட்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டு விழாவில் அதை அப்படியே மேடையில் போட்டேன். தலையில் மப்ளர், கையில் கத்தரி. தலைமையாசிரியரே எந்திரிச்சாச்சா, மங்களத்தம்மா மூட்டுவலி எப்பிடி, வக்கீலய்யா இன்னைக்கு யாரு மேல கேசு, டிரைவரே மூக்கப் பொத்திக்கங்க. ஏன் மூக்கைப் பொத்த வேண்டும் என்று எனக்கே தெரியாது. குரல் சரியாக வந்தது, அது போதும். நாற்பது வசனம். பெரிய கைத்தட்டு வாங்கியது வசனமே இல்லாத ஓர் இடம். நடுவில் ஓரிடத்தில் அப்பா பேச்சை நிறுத்துவார். நாலைந்து மூச்சு நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரு இருமல், அடுத்த வசனம். அந்த மௌனத்தை நான் மேடையில் வாயைப் பாதி திறந்தபடி நின்று செய்தேன். அரங்கம் குலுங்கியது.

அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிளம்ஸ் பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். முடிந்ததும் வந்து பையைக் கொடுத்து, "சாப்டியாடா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினோம்.

இப்போது காலை ஆறு மணிக்கு யாரும் பேசுவதில்லை. அந்தச் சத்தமில்லாமைக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். ஏதோ ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது போல.

வைகாசியில் குரங்குகள் வந்தன. பழத்தைத் தொடவில்லை, அவற்றுக்கும் அனுபவம் உண்டு. மரத்தில் பெயர் பொறித்துத் தொங்கிய அலுமினியத் தகடுகள் வெயிலில் மின்னின. ஒரே பகலில் மூன்றாம் படி முழுவதையும் கழற்றிக்கொண்டுபோய், காட்டோரம் உட்கார்ந்து கடித்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயின. நாற்பது தகடுகளைப் பொறுக்கினேன். எந்தத் தகடு எந்த மரத்துக்கு என்று பதிவேட்டைத் திறந்தால், பெயர் இருந்தது, எண் இருந்தது, இடம் இல்லை. இடத்தை எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் பல முறை சொல்லியும், நான் இருக்கறப்ப எதுக்கும்மா எழுதிக்கிட்டு என்று அப்பா சொல்லிவிட்டாராம். அவர் இருந்தவரை அது சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வருவார்கள். கோப்பிலிருந்த புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து மரத்தைத் தேடினேன். கூன் விழுந்தவருக்குக் கூன் மரம். வக்கீலுக்கு, அடுத்தவன் மேல் சாய்ந்த மரம். சௌந்தரபாண்டி தொப்பையும் தோளுமாக இருந்தார். வரிசையின் நடுவில் பருத்து நின்ற ஒரு மரத்துக்கு அவர் பெயரை மாட்டினேன். கிடைக்காமல் போன தகடு நாற்பத்தொன்று. பதிவேட்டில் அந்த வரியில் பெயரே இல்லை, 'பணியாளர் சலுகை' என்று மட்டும். புதிதாக ஒரு தகடு வெட்டி, கழிப்பறைச் சாக்கடை ஓரமாக நின்ற, தோட்டத்திலேயே அழகில்லாத மரத்தில் அடித்தேன்.

ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். தகட்டைப் பார்த்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், விழுங்கினார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இதைவிடப் பெரிய நகைச்சுவை என் வாழ்க்கையில் வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

ஆடி மாதம் பெங்களூர் தலைமையிடத்திலிருந்து உத்தரவு வந்தது. படிகளில் மரம் நெருக்கமாக இருக்கிறது, பட்டை நோய் வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், ஆகவே பணியாளர் சலுகை மரங்களை மட்டும் அகற்றவும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வெட்டுகிறவர்கள் வருவார்கள். மூன்றாம் படியில் ஒன்று. சாக்கடை மரத்தில் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டு வந்து டாக்டரிடம் சொன்னேன்.

"நீங்களே அடிச்சிட்டீங்களா? நான் அடிக்கிறேன்னு சொல்ல வந்தேன். கஷ்டமா இருந்திருக்குமே."

"எதுக்கு மேடம்?"

"நாப்பத்தொன்னு உங்க அப்பா, இன்னாசி. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கல்லூரி விழா முடிந்த மறுவாரம் அப்பா அந்த அறைக்குள் போய் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். மூன்றாம் படியில் ஆளில்லாமல் நின்ற ஒரே காலி மரத்தில் அதை ஏற்றியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம். என் மேடை நிகழ்ச்சி பன்னிரண்டு நிமிடம்.

அதில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இலையை எடுத்துப் படித்துக் கொடுங்கள் என்றேன். அதற்கு மாதக்கணக்காகும் என்றார், மேசையில் இல்லாத தூசியைத் தட்டியபடி. எந்த மரத்து இலையை எடுப்பது என்பதே எனக்குத் தெரியாது என்று அவரிடம் அப்போது சொல்லவில்லை.

ஞாயிறு காலை ரஞ்சிதம் அக்கா வந்தார். கணவரின் பெயர்த்தகடு தொங்கிய பருத்த மரத்தைத் தாண்டி நேராகச் சாக்கடை மரத்துக்குப் போய் நின்றார். நான் ஓடினேன். இங்கே இல்லை, அங்கே நடுவில் இருக்கிறது என்று கை காட்டினேன்.

"தெரியும் தம்பி. மூணு மாசமா அங்கதான நின்னு பேசுறேன்."

"அப்ப இங்க ஏன்?"

"இவரு இங்கதான நிக்கிறாரு." மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். "ஏழு வருசமா இந்த நாத்தத்துலதான் எங்க குடும்பக் கதை நடந்துச்சு. திடீர்னு நல்ல காத்து வந்தா எனக்குத் தெரியாதாக்கும்?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கப்பா போன வீடு. நீ என்னமோ பேயறஞ்ச மாதிரி தகடு மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச. சரி, அங்க நிக்கிறதும் யாரோ ஒரு வீட்டு ஆளுதான, அதுகிட்ட நாலு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவேன்? இங்க இவருகிட்டயும் யாராச்சும் பேசிக்கிட்டு இருப்பாகல்ல." சிவப்பு வண்ணத்தை நகத்தால் சுரண்டினார். "பேசுனாகளா தம்பி?"

அந்த மூன்று மாதத்தில் அந்த மரத்தடிக்குப் போன ஒரே மனிதன் நான். துடைப்பம் கழுவப் போனேன்.

"பேசுனோம்க்கா."

"யாரு?"

"நான்தான்."

அவர் சிரித்தார். என்னை நம்பவில்லை. "வெட்டப் போறீகளா?" என்றார். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு பழத்தைப் பறித்துத் தின்றுகொண்டே மரத்திடம் பேசத் தொடங்கினார். போகும்போது மட்டும் சொன்னார்: "வெட்டு, வெட்டாம இரு. அது உங்க பாடு. ஆனா ஆளு யாருன்னு தெரிஞ்சு செய்யி."

மாலையில் ஆலைக் கொட்டகைக்குப் போனேன். டாக்டர் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று, போன வருடத்துச் சைடரைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். குரங்கு, தகடு, புகைப்படம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, நாற்பத்தொரு மரத்திலும் ஒவ்வோர் இலை எடுத்துப் படித்துவிடுங்கள், அதுவரை வெட்டுவதை நிறுத்துங்கள் என்றேன்.

"எப்படிப் பொருத்துனீங்க?"

"மூஞ்சியப் பாத்து."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். குவளையைக் கீழே வைத்தார்.

"படிக்கறதுக்கு ஒன்னும் இல்லீங்க, இன்னாசி."

எனக்குப் புரியவில்லை என்பதால், வாழ்க்கையில் முதல் முறையாக அவர் இரண்டாம் முறை சொன்னார்.

"எந்த மரத்துலயும் யாரும் இல்ல. ரொம்பப் பழைய மரங்க இது. ஊசி போட்டதும் வாங்கிக்குது. இங்க வருஷத்துக்கு ரெண்டு தழை உதிர்வு, ஒவ்வொன்னுக்கும் தன்னோடது இல்லாதத வெட்டி வெட்டி வெளிய தள்ளிடுது. மூனாவது உதிர்வுக்கு அப்புறம் ஒரு எழுத்து மிச்சம் இருக்காது. ஒன்றரை வருஷம், அவ்வளவுதான்."

"வேற பிரதி?"

"வேற எங்கயும் பிரதி இல்ல, எந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்ல, உங்க ஆள் உங்க மரத்துல மட்டும்தான். அதைத்தானே வித்தோம்."

குரலைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று யாரும் வரவே இல்லையா என்று கேட்டேன். ஏழு வருடத்தில் பதினோரு பேர் வந்தார்களாம். ஒன்பது பேர், இலை எடுக்கும் முன்பே, இப்போது வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று போய்விட்டார்கள்.

"மீதி ரெண்டு பேர்கிட்ட இன்னும் கொஞ்சம் காலமாகும்னு சொன்னேன். காத்துட்டிருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் படி தெரிந்தது. மூடுபனி அடிமரங்களை மறைத்துவிட்டதால் கிளைகள் மட்டும் வரிசையாக நின்றன. இத்தனை நாள் அங்கே இருநூறு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. ஒருவரும் இல்லை என்று சொன்ன பிறகு, முதல் முறையாக, அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் பேச்சும் எங்கே போய் விழுந்தது?

"அப்பாவுக்கு இது தெரியாதுல்ல?"

"டெஸ்டுக்கு இலை பறிச்சுக் குடுக்கறதே அவர்தானே. நாலு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா போய்ப் பேசினாரு?"

"தெரிஞ்சதுனாலதான்னு நெனைக்கிறேன். என்னை வெளிய போகச் சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கிட்டார். முடிச்சுட்டு வந்து, இது எப்பம்மா அழியும்னார். ஒன்றரை வருஷம்னேன். போதும்னார்."

எதைப் பற்றிப் பேசினார் என்று தெரியாது என்றார். ஆனால் அந்த அறைக்குள் போகும் முன் அப்பா என் நிகழ்ச்சியைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாப் பண்ணுனான்னார். அத்தனையும் வரிசையாச் சொன்னான், ஒரு எடத்துல கூட ஆள் மாறலேன்னார்." குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். "வெட்டறவங்க எட்டு மணிக்கு வர்றாங்க. எந்த மரம்னு நீங்களே காட்டிடுங்க. எதை வெட்டினாலும் எனக்கு ஒன்னுதான். உங்களுக்கு எப்படியோ தெரியல."

மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல அந்தச் சத்தமில்லாமை எழுப்பியது. மப்ளரைச் சுற்றிக்கொண்டேன், குளிருக்குத்தான். நாற்பத்தொன்றைத் தவிர, இரவே கழற்றி வைத்திருந்த நாற்பது தகடுகளையும் ஒரு சாக்கில் போட்டுத் தோளில் மாட்டினேன். ஒரு கையில் சிவப்பு வண்ண டப்பா. தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றபோது சுற்றிலும் யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். மேடையில் எழுநூறு பேருக்கு முன்னால் கூசாத வாய்.

முதல் மரம். அப்பாவின் குரலில் நான் பேசி எட்டு மாதமாகியிருந்தது. தொண்டையைச் செருமினேன்.

"தலைமையாசிரியரே, எந்திரிச்சாச்சா?"

மரம் தொட்டிச் சுவருக்கு நேராக, விறைப்பாக நின்றது. தலைமையாசிரியர் தகட்டைத் தேடி மாட்டினேன். அடுத்தது, "மங்களத்தம்மா, மூட்டுவலி எப்பிடி?" இரண்டாவது மரத்தில் கிளை பிரிகிற இடத்தில் ஒரு பெரிய வீக்கம். கையால் தடவினேன். கல்லூரியில் அந்த வசனத்துக்குச் சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள், வீக்கத்தைப் பார்த்ததில்லை. "வக்கீலய்யா, இன்னைக்கு யாரு மேல கேசு?" வேர் தன் இடம் விட்டுப் பக்கத்து மரத்தின் இடத்துக்குள் புகுந்திருந்தது.

ஒன்பதாவது வசனம் வாயில் வரும்போது நாற்றம் மூக்கில் வந்தது.

"டிரைவரே, மூக்கப் பொத்திக்கங்க."

சாக்கடை மரத்தின் முன் நின்றிருந்தேன். நேற்று அக்கா தின்றுவிட்டுப் போட்ட காம்பு கீழே கிடந்தது. அப்பாவின் கத்தரியைத் திறந்து சிவப்பு வண்ணம் பட்ட பட்டையை மெல்லச் சுரண்டி எடுத்தேன். நாற்பத்தொன்றாம் தகட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சௌந்தரபாண்டியை மாட்டினேன். பட்டன் ஓட்டைப் பெண் திரும்ப வந்துவிட்டாளாம் என்று சொன்னேன். அது வசனத்தில் இல்லாதது.

அதன் பிறகு குரல் தானாக வந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் அங்கே ஒரு காரணம் நின்றுகொண்டிருந்தது. "அந்தோணி, கைய மடக்குடா, ஆளு போகணும்" என்றேன்; தாழ்ந்த கிளை ஒன்று நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து தாண்டினேன். அது இருபத்திரண்டு.

அடுத்து வசனம் இல்லை. மௌனம்.

பழக்கத்தில் நின்றேன், வாயைப் பாதி திறந்தபடி. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில்தான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒரு மரம் இருந்தது. அப்பா நடந்த காலத்தில் காலி மரம். விசாரிக்க ஆள் இல்லாததால் அவர் பேசாமல் நின்றுவிட்டுப் போன மரம்.

பருத்த மரம். மூன்று மாதமாகச் சௌந்தரபாண்டி என்று நான் பெயர் மாட்டி வைத்திருந்தது. தொட்டி ஒழுகுவதையும், கல்யாணத்தில் மரியாதை இல்லாததையும் ரஞ்சிதம் அக்கா இவ்வளவு நாளும் என் அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டிருப்பார். எல்லோர் வீட்டுக் கதையும் கேட்கிறவர்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நாற்பது நிமிடத்தையும் மரம் எப்போதோ துப்பிவிட்டது. நான் தாவரவியல் படித்தவன்.

இந்த இடத்துக்கு என்னிடம் வசனம் கிடையாது. எட்டிய கிளையில் ஒரு பழம் பறித்தேன். நல்ல மணம். கடித்தேன். நாக்கு அண்ணத்தோடு ஒட்டியது, கண்ணில் நீர் வந்தது, தாடை பூட்டிக்கொண்டது. எந்த எண் முகம் என்று தெரியவில்லை. மென்றேன். கடைசித் துண்டு வரை மென்று விழுங்கிவிட்டு, ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிரித்து, "சாப்ட்டேன்பா" என்றேன். அது யாருடைய குரலும் இல்லை. என்னுடையது, கொஞ்சம் கரகரத்து.

கீழே சாலையில் வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. பையிலிருந்து நாற்பத்தொன்றாம் தகட்டை எடுத்து மாட்டினேன். டப்பாவைத் திறந்து, தூரிகையை முக்கி, அடிமரத்தில் ஒரு சுற்றுச் சிவப்பு அடித்தேன். ஓரிடத்தில் கோடு கோணியது, திருத்தினேன்.

இன்னும் பதினெட்டுப் பேர் பாக்கி. எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரு முறை இருமிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

"டீச்சரம்மா, தண்ணி வருதா?"